மருந்து வைக்காத வில்லை

பக்க விளைவே இல்லாத மருந்து என்று சொல்லிக்கொண்டு எவனாவது என் கடை வாசலில் வந்து நின்றால் எனக்கு ரத்தம் சூடாகிவிடும். பையும் டையுமாக வருவார்கள். வண்ணப் படம் போட்ட அட்டையை மேசைமேல் விரிப்பார்கள். எல்லாம் இலை, வேர், பழம்தான் பாய், கெமிக்கலே கிடையாது என்பார்கள். கெமிக்கல் இல்லாமல் இலை எப்படியடா பச்சையாக இருக்கும், மிளகாய் எப்படியடா உறைக்கும் என்று ஒரு தடவை ஒரு பையனைக் கேட்டுவிட்டேன். விளைவு என்று ஒன்று இருந்தால்தானே பக்க விளைவு இருக்கும் என்று நான் கத்தியதை எதிர்க்கடை டீ மாஸ்டர் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார். அந்தப் பையன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. அவனைப் பார்த்ததும் எனக்கு அமுதம் ஞாபகம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

காரைக்கால் பக்கம் கோட்டுச்சேரிக் கடைத்தெருவில் என் மருந்துக்கடை. அமுதம் மண்டபத்தூர்க்காரி. காலையில் கரையில் மீன் எடுத்து, அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் தெருக்களில் கூவி விற்பாள். அவள் குரலுக்குப் பயந்தே எங்கள் தெருப் பூனைகள் ஒழுங்காக இருந்தன. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், அதனால் எனக்கு அக்கா. கூடை காலியானதும் கடைப் படியில் வந்து உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாய், சீனி மாத்திரை" என்பாள். சர்க்கரை நோய் அவளுக்கு வெகுநாளாக இருந்தது. அதைக் கேட்கிற தோரணையில் கடலைமிட்டாய் கேட்பதுபோல்தான் இருக்கும்.

கல்யாணமான மறுவருஷமே கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை. பிள்ளை இல்லை. தாய் தகப்பனும் போன பிறகு மிச்சம் இருந்தது தம்பி சசிதரன் ஒருவன்தான். அவனைப் படிக்கவைத்தது அமுதத்தின் கால்கள் என்று சொன்னால் மிகையில்லை. மீன்காரி உட்கார்ந்து விற்றால் நேற்று மீனா என்று கேட்பார்கள், நடந்து விற்றால்தான் இன்றைய மீன் என்பாள். அப்படியே நடந்து நடந்து அவனை வேதியியலில் எம்.எஸ்ஸி. வரைக்கும் கொண்டுபோய்விட்டாள்.

சுனாமி வந்து போனபிறகு மண்டபத்தூர்க் கரையில் பச்சை என்று எதுவும் இல்லை. உப்பு அரித்த மணலில் முதலில் தலைகாட்டியது அடப்பங்கொடி. ஆட்டுக்குளம்பு மாதிரி இலையும் ஊதா நிறப் பூவுமாக மணலோடு படர்ந்து கிடக்குமே, அதுதான். கடலில் சொறி என்கிற ஜெல்லிமீன் பட்டு உடம்பு தடித்தாலும், கெளுத்தி முள் குத்தினாலும், அந்த இலையைக் கசக்கி வைத்துக் கட்டுவது கரையோரத்துப் பழக்கம். சொறி பட்ட தடிப்புக்கு அது கேட்கும், நானே பார்த்திருக்கிறேன். சசிதரன் அந்தக் கொடியையே முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டான். அதற்குள் இருந்து வேலை செய்கிற பொருள் எது, அதைத் தனியாகப் பிரித்தெடுத்தால் ஆறாத புண்ணுக்கு மருந்தாகுமா என்பது அவன் கேள்வி. நல்ல கேள்விதான். தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்து விடுதியில் தங்கினான். அவன் சேர்ந்த மாதமே ஊர்ப் பஞ்சாயத்தார் ‘எங்கள் ஊரின் முதல் டாக்டர்’ என்று பேனர் கட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் நாலு பேர் வந்து நாக்கை நீட்டுவார்களாம். அந்த டாக்டர் இல்லை இது என்று சொல்லிச் சொல்லி அவனுக்கு வாய் வலித்தது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் செல்போனில் ஒரு படம் கொண்டுவந்தான். எனக்கும் கடையில் காட்டிவிட்டுத்தான் போனான். கண்ணாடித் தட்டில் கிருமியை வளர்த்து, நடுவே கொடிச் சாற்றில் நனைத்த ஒரு காகித வில்லையை வைத்திருக்கிறான். வில்லையைச் சுற்றிக் கிருமி இல்லாமல் ஒரு தெளிவான வட்டம். புண்ணில் சீழ் வைக்கிற கிருமி அது. அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வலை நிறைய மீன் பட்டவன் முகம்.

வீட்டில் நடந்ததை அவன் பின்னால் எனக்குச் சொன்னான். அமுதம் அந்தப் படத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறாள்.

"கிருமி செத்துடுச்சாடா?"

"செத்துடுச்சுக்கா. சத்தியமா."

"எப்புடிப் பண்ணுன?"

இலையை நிழலில் காயப்போட்டு, பொடி பண்ணி, மெத்தனாலில் ஊறவைத்து வடிகட்டுவேன் என்றிருக்கிறான். மெத்தனால் என்றால் என்ன என்று கேட்டிருக்கிறாள்.

"சாராயத்துக்கு ஒண்ணுவிட்ட தம்பின்னு வச்சுக்கயேன். ஆனா குடிச்சா கண்ணு போயிடும்."

"அப்ப மருந்து எப்ப வரும்?"

"அதான் கஷ்டம். முதல்ல எலிக்குப் புண்ணு போட்டு, அதுக்குத் தடவிப் பாக்கணும். எலிக்குக் கமிட்டி அனுமதி வேணுமாம். எங்க காலேஜுல அதுக்கு வசதியும் கிடையாது. எலி இல்லாம நம்ப மாட்டானுவோ."

கட்டுரை அச்சில் வருகிறவரை யாரிடமும் மூச்சு விடாதே என்றும் சொல்லிவிட்டு அவன் விடுதிக்குப் போய்விட்டான். அவ்வளவுதான் நடந்தது. இதில் யார்மேல் குற்றம் சொல்வது என்று நான் எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். ஒருவர்மேலும் சொல்ல முடியவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

அடுத்து வந்த மழைக்காலத்தில் கரையில் மீன் பிரிக்கும்போது ஒரு கெளுத்தி முள் அமுதத்தின் வலது உள்ளங்காலில் ஏறிவிட்டது. சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்துபோகும். முள் ஏறியதே அவளுக்குத் தெரியவில்லை, மணலில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். வேறு யாராக இருந்தாலும் என் கடைக்கு வந்திருப்பார்கள், அல்லது இலையைக் கசக்கிக் கட்டிக்கொண்டு மறந்திருப்பார்கள். இவளுக்கு மட்டும் அந்த முள் பெரிய வாய்ப்பாகத் தெரிந்திருக்கிறது. எலிக்குப் புண் போட வேண்டும் என்று தம்பி சொன்னானே!

மெத்தனால் குடித்தால் கண் போய்விடும் என்று அவன் சொன்னதால், அதன் அண்ணனையே எடுத்துக்கொண்டாள். காரைக்காலில் சாராயத்துக்கா பஞ்சம்? தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டினால்தான் அது குற்றம், இங்கே அது கடைச்சரக்கு. ஆனால் பெண்பிள்ளை போய் வாங்க மாட்டாள். அமுதம் போய் நின்று வாங்கினாள். நிழலில் காயவைத்த அடப்ப இலையைப் பொடித்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, சாராயத்தை ஊற்றி மூடிவைத்தாள். வடிகட்டிய பச்சைத் தண்ணீரில் துணியை நனைத்துக் காலைக் கட்டி, அதன்மேல் பாலிதீன் பையைச் சுற்றி, கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

ஊர் சும்மா இருக்குமா? அமுதம் குடிக்க ஆரம்பித்துவிட்டாள் என்று பேச்சுக் கிளம்பியது. பக்கத்தில் போனாலே வாடை அடித்தது. சில வீடுகளில் அவளிடம் மீன் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பேச்சு அடங்கியிருக்கும். தம்பி மூச்சு விடாதே என்று சொல்லியிருந்தானே, அவள் விடவில்லை.

என் கடைக்கு அவள் வருவது குறைந்தது. சீனி மாத்திரை வாங்குவது நின்றேபோனது. ஒருநாள் பஞ்சு வாங்க வந்தவள் படியேறும்போது காலைச் சாய்த்து வைத்ததைப் பார்த்தேன். வாடையும் வந்தது.

"என்னக்கா, ஊர் பேசுறது நெசந்தானா? குடிக்கிறீங்களா?"

"நான் எங்க பாய் குடிக்கிறேன்? காலுதான் குடிக்குது," என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. படியில் உட்காரவைத்து நானே பாலிதீனை அவிழ்த்தேன். சாராய வாடைக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. உள்ளங்கால் பச்சையும் கறுப்புமாக ஊறிப்போய், விரல் இடுக்கு வரை தோல் வழன்று கிடந்தது. யா அல்லாஹ் என்றுதான் வாயில் வந்தது.

"இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. இப்பவே ஆட்டோ சொல்றேன்."

"ஆறிக்கிட்டு வருது பாய். வலியே இல்ல பாருங்க."

"வலி இல்லாததுதான்கா கெடுதி! நரம்பு செத்துக் கெடக்கு. அதுமேல சாராயத்த ஊத்தி இருக்கிற தோலையும் வேகவச்சிருக்கீங்க."

"உங்களுக்குத் தெரியாது பாய். இது சசி மருந்து." அப்போதுதான் முதல்முதலாக அந்த ரகசியத்தை என்னிடம் சொன்னாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எலி கெடைக்கலன்னு புள்ள தவிச்சிக்கிட்டுக் கெடந்தான். எலிக்குத்தான் அனுமதி கேக்கணும், எனக்கு யாருகிட்ட பாய் கேக்கணும்? ஆறுனவொடனே அவன்கிட்ட காலக் காட்டுவேன். அப்ப நம்புவானுவோள்ல?"

ஆட்டோ வந்தது. அவள் ஏறவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு சாய்ந்து சாய்ந்து போனாள். நான் கத்தினேன், திட்டினேன், டீ மாஸ்டர் சாட்சி. அப்படிப் போகிற முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிடக் கொடுமை ஒரு மருந்துக்கடைக்காரனுக்கு இல்லை.

சசிதரனுக்கு உடனே போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுநாள் அவனே வந்து பஸ்ஸிலிருந்து இறங்கிக் கடைக்குள் நுழைந்தான். என் போனுக்காக வரவில்லை, அவன் தலையில் வேறு இடி விழுந்திருந்தது.

"எல்லாம் போச்சு பாய். கைடு மேடம் வெத்து வில்லை எங்கேன்னு கேட்டாங்க."

வெற்று வில்லை என்றால் மருந்து வைக்காத வில்லை. வெறும் மெத்தனாலில் நனைத்து அதே தட்டில் பக்கத்தில் வைக்க வேண்டும். அதற்கு வட்டம் விழக்கூடாது. விழாவிட்டால்தான் மற்ற வட்டம் கொடியால் வந்தது என்று அர்த்தம். அவசரத்தில் அதை வைக்காமலே படம் எடுத்திருக்கிறான். இப்போது வைத்துப் பார்த்தால் கொடிச் சாறு வைத்த வில்லைக்கு எவ்வளவு வட்டமோ அதே வட்டம் வெற்று வில்லைக்கும். சரியாக உலர்த்தாமல் வைத்ததால் ஈரத்தில் இருந்த மெத்தனாலே கிருமியைக் கொன்றிருக்கிறது. நன்றாக உலர்த்தி மறுபடி வைத்தபோது இரண்டு வில்லையைச் சுற்றியும் கிருமி செழிப்பாக வளர்ந்திருந்தது.

"கொடி ஒண்ணுமே செய்யல பாய்."

"அது கெடக்கட்டும்டா. உங்கக்கா காலப் போயிப் பாரு," என்றேன்.

பார்த்தான். அலமாரியில் பச்சைப் பாட்டிலையும் பார்த்தான். அக்கா பெருமையாகக் காலை நீட்டியிருக்கிறாள். அவன் ஆஸ்பத்திரி என்று மட்டும் சொல்லி அவளைத் தூக்கிக்கொண்டு வந்து ஆட்டோவில் போட்டான். தம்பி சொன்னதால் அவள் மறுபேச்சுப் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று மட்டும் கேட்டார். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

வார்டுக்குப் பார்க்கப் போனேன். என்ன சொல்லித் தேற்றுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனவனுக்கு வேலையே வைக்கவில்லை. அமுதம் பக்கத்துக் கட்டில் காசியம்மாவிடம் கதை அளந்துகொண்டிருந்தாள். காசியம்மா திருவேட்டக்குடி, அவளுக்கும் சர்க்கரை, அவளுக்கும் விரலில் புண்.

"மருந்துமேல கொற சொல்லக் கூடாதுடி. நான் லேட்டா ஆரம்பிச்சுட்டேன். சாராயத்தையும் கொஞ்சம் தண்ணி கலந்து குடுத்துட்டானுவோ போல. நீ நல்லதா பாத்து வாங்கு."

ஜன்னலோரம் நின்ற சசிதரனை வெளியே இழுத்துக்கொண்டு போனேன்.

"சொல்லித் தொலையேண்டா!"

"காலும் போயி, அதுவும் போகணுமா பாய்?" என்றான். அன்றைக்கு அவன் செய்தது சரி என்றே எனக்கும் பட்டது. இன்றைக்கும் தப்பு என்று சொல்லமாட்டேன்.

ஆனால் நோய்க்கு இதெல்லாம் தெரியாது. வீட்டுக்கு வந்து கட்டையை ஊன்றி நடக்கப் பழகியபோது முழுப் பாரமும் இடது காலில் விழுந்தது. இடது குதிகாலில் ஒரு கொப்புளம் வந்து உடைந்தது. அலமாரியில் பாட்டில் மறுபடி பச்சையானது. காசியம்மாவுக்கும் ஒரு பாட்டில் போயிருந்தது. சசிதரன் என்னிடம் வந்து, "நீங்களும் கூட வாங்க பாய், எனக்குத் தனியா சொல்லத் தைரியம் இல்ல," என்றான்.

போனோம். அமுதம் பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்ப அந்த வட்டம்?"

"அது மெத்தனால் போட்ட வட்டம்க்கா."

"இன்னொண்ணு வச்சேங்கிறியே, அதுல மருந்து இல்லையா?"

"இல்லக்கா. சும்மா. ஒப்பிட்டுப் பாக்கத்தான்."

"அதுக்கும் அதே வட்டமா?"

"அதே வட்டம்."

தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது. பிறகு, "காசியம்மா வீட்டுக்குப் போயி அந்தப் பாட்டில வாங்கிக் கொட்டிட்டு வந்துடு. பாவம், புள்ளகுட்டிக்காரி," என்றாள். அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உண்மையைச் சொன்னால் ஆஸ்பத்திரியை நம்புவாள் என்று நாங்கள் நினைத்தோம். இரண்டு படித்த மடையர்கள்! அவள் ஒன்றைத்தான் நம்பியிருந்தாள். அது போனதும் மற்றதெல்லாம் தானாக வந்து உட்காருமா? ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னால், "எதுக்கு, இதையும் வெட்டவா?" என்றாள். டாக்டர் எழுதிய மாத்திரைகளை நானே வீட்டுக்குக் கொண்டுபோனேன். அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எந்த வில்லை பாய்? மருந்து வச்சதா, வைக்காததா?"

"வச்சதுதான்கா. ஆண்டவன்மேல ஆணையா."

"அவனும் சத்தியம் பண்ணித்தான் சொன்னான்."

அவளை எப்படியாவது சாப்பிடவைக்க வேண்டும் என்ற ஆத்திரத்தில் எனக்குத் தெரிந்த பெரிய கதையை எடுத்துவிட்டேன். சீனி மாத்திரையும் ஒரு செடியிலிருந்து புறப்பட்டதுதான், சீமையில் ஆடு மேய்கிற புல்வெளியில் முளைக்கிற செடி, அதிலிருந்த பொருளைப் பார்த்து அதுமாதிரி செய்து செய்து பார்த்துத்தான் இந்த மாத்திரை வந்தது, நம் ஊரை விட்டுப் போன கொஞ்ச காலத்திலேயே பிரெஞ்சுக்காரர்கள் இதை மருந்தாக்கிவிட்டார்கள், எத்தனையோ பேர் எத்தனையோ வருஷம் சோதித்தது என்றெல்லாம் சொன்னேன்.

"இதுவும் செடிதானா?" என்றாள். "அப்ப வேணவே வேணாம்." அட்டையை என் சட்டைப்பையிலேயே திரும்பச் செருகிவிட்டாள்.

சசிதரன் காலில் விழுந்து பார்த்தான். அவன் எதிரில் வாயில் போட்டுக்கொண்டு, அவன் போனதும் துப்பிவிடுவாள். குதிகால் புண்ணுக்கு அவள் எதையும் வைக்கவில்லை. கொடியும் இல்லை, களிம்பும் இல்லை, ஒரு துணிகூட இல்லை. ஈ மொய்த்தால் விசிறியால் ஓட்டுவாள். அடுத்த வருஷ ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டது. விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். தூக்கிக்கொண்டு போனபோது அவளால் வேண்டாம் என்று சொல்லக்கூட முடியவில்லை. அங்கேயே முடிந்துபோனது. சாவுக்கு வந்த கூட்டத்தில் இரண்டு பெண்கள், குடிச்சுக் குடிச்சே கெட்டா என்று பேசிக்கொண்டார்கள். நான் பாய், அங்கே சண்டை போட முடியாது. வந்து கடையைத் திறந்து சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சசிதரன் ஆராய்ச்சியை விடவில்லை. விட்டால் அக்கா நடந்ததெல்லாம் வீண் என்றான். கிருமி கொல்லும் பேச்சை எடுத்துவிட்டு, கொடியில் என்னென்ன பொருள் இருக்கிறது என்று மட்டும் எழுதினான். கடைசியில் ஊசி ஊசியாக வெள்ளை நிறத்தில் ஒரு பொருள் பிரிந்து வந்ததாம். ஆசையாகச் சோதித்துப் பார்த்தால் ஏற்கெனவே எல்லாரும் அறிந்த பொருள், நம் வீட்டுக் கடலையெண்ணெயிலும் இருப்பதுதான். அதற்கும் பட்டம் கொடுப்பார்கள், கொடுத்தார்கள்.

வாய்மொழித் தேர்வுக்கு ஊரே வேன் பிடித்துப் போனது. முடிந்த அன்று சாயங்காலம் அவன் மட்டும் கழுத்தில் கிடந்த மாலையைக் கையில் சுருட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். அக்கா உட்காரும் படியில் உட்கார்ந்தான். நான் டீ சொன்னேன்.

"நல்லா நடந்துச்சா?"

"நடந்துச்சு பாய். வெத்து வில்லையப் பத்தி மறைக்காம எழுதினதுக்கு, வெளியிலேர்ந்து வந்த பேராசிரியர் எல்லாருக்கும் முன்னால பாராட்டுனாரு. ஊர்க்காரங்க கைதட்டுனாங்க."

"வேற என்ன கேட்டாரு?"

டீ வந்தது. அவன் கிளாசைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமல் இருந்தான்.

"புண்ணு ஆறுதான்னு ஏதாவது உயிர்மேல சோதிச்சுப் பாத்தீங்களா, எலி கிலின்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"இல்ல சார்னு சொன்னேன்."